தாள் யார் கைக்குப் போகிறது?

சென்ற வாரம் நம் அலுவலகத்துக்கு ஆலைத் தோழர் ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமீது விரித்தார். ஆலையின் பெயர் வேண்டாம். ஊர்ப் பெயரும் வேண்டாம். தாளைப் பற்றித்தான் பேச்சு.

'தொழிலாளர் மனநலம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே பெயர், டோக்கன் நம்பர், பிரிவு, சிப்டு என்று நான்கு கட்டங்கள். அதற்கும் கீழே ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா? மனம் சோர்ந்து கிடக்கிறதா? தூக்கம் வரவில்லையா? பசியில்லையா? இப்படி வரிசையாக! ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'சில நாள்', 'பாதி நாளுக்கு மேல்', 'ஏறக்குறைய நாள்தோறும்' என்று நான்கில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். செய்து? மேஸ்திரியிடம் கொடுக்க வேண்டுமாம்!

தோழர் ஒன்பதுக்கும் 'இல்லை' என்றே போட்டுக் கொடுத்துவிட்டார். நம்மிடம் காட்டியது கூடுதலாகக் கேட்டு வாங்கிய வெற்றுத்தாள்.

"ஏன் தோழரே, எல்லாவற்றுக்குமா இல்லை?" என்றோம்.

"உள்ளதை எழுதினா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க. மிஷின்ல நிக்க லாயக்கில்லைன்னு ஒரு நாள் சொல்லுவாங்க. ஆள் குறைக்கிறப்போ முதல் பேரு நம்ம பேராத்தான் இருக்கும்."

அவர் சொன்னதைத் தவறென்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஆனால், "எல்லாம் ஏமாற்று வித்தை, கிழித்தெறியுங்கள் தாளை!" என்று கூறவும் மனம் வரவில்லை. காரணம் உண்டு. அந்தத் தாள் கெட்ட தாள் அல்ல. சென்ற இடம்தான் கெட்ட இடம்!

அந்த ஒன்பது கேள்விகள் ஆலை நிர்வாகம் உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல. அமெரிக்க நாட்டில் ஸ்பிட்சர், குரோன்கே, வில்லியம்ஸ் என்னும் மூவர் வகுத்து, 2001இல் ஆராய்ச்சி ஏட்டில் வெளியிட்டவை. 'பி.எச்.க்யூ-9' என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். தமிழிலும் பெயர்த்திருக்கிறார்கள். கேள்விக்கு 0 முதல் 3 வரை மார்க்கு; மொத்தம் 27. பத்தைத் தொட்டால், "இவரை டாக்டர் ஒருவர் உட்கார வைத்துப் பேசிப் பார்க்க வேண்டும்" என்று பொருள். அவ்வளவே பொருள்! மனச்சோர்வு நோய் என்று தீர்ப்பெழுத அந்தத் தாளுக்கு அதிகாரம் கிடையாது. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போன்றது அது. சுடுகிறது என்று சொல்லும். மலேரியாவா, டைபாயிடா என்று சொல்லாது.

இந்தத் தாளை உருவாக்கப் பணம் கொடுத்தது யார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கொடுத்தது பைசர் மருந்துக் கம்பெனி. அந்தக் கம்பெனி அப்போது விற்றுக்கொண்டிருந்த பெரிய சரக்குகளில் ஒன்று, 'ஸோலாப்ட்' என்னும் மனச்சோர்வு மாத்திரை! எத்தனை பேருக்குச் சோர்வு என்று எண்ணும் கருவிக்கும், சோர்வுக்கு மாத்திரை விற்கும் கடைக்கும் ஒரே கல்லாப்பெட்டி. 2010 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாக அச்சடித்துக் கொள்ளலாம் என்று கம்பெனி விட்டுவிட்டது. அதனாலேயே கேள்விகள் பொய்யாகிவிடா. உலகெங்கும் ஆராய்ந்து பார்த்து, பயனுடையது என்றே கண்டிருக்கிறார்கள். ஆனால் பயன் எவ்வளவு? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பென்சிலை எடுங்கள், தோழர்களே!

2001ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், உண்மையாகவே நோயுற்ற 100 பேரில் 88 பேரை இந்தத் தாள் பிடித்தது. நோயில்லாத 100 பேரில் 88 பேரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்டால் பிரமாதமாக இருக்கிறது. இப்போது 1,000 பேர் வேலை செய்யும் ஆலை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அவர்களில் 100 பேருக்கு உண்மையான மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். தாள் 88 பேரைப் பிடிக்கிறது. 12 பேர் தப்பிவிடுகிறார்கள். மீதி 900 பேர் நலமானவர்கள். அவர்களில் நூற்றுக்குப் 12 வீதம் 108 பேர்மீது வீணாகக் கைவைக்கிறது. ஆக, 'பத்துக்கு மேல்' என்று பெயர் எழுதப்பட்டவர்கள் 196 பேர். அவர்களில் உண்மையில் நோயாளி 88 பேர்தான்! பாதிக்கும் குறைவு!

இந்த 196 பேரும் டாக்டரிடம் போனால் கேடொன்றுமில்லை. அரை மணி நேரம் பேசினால் 108 பேரையும் "போய் வாரும்" என்று அவர் அனுப்பிவிடுவார். பட்டியல் மானேஜரிடம் போனால்? அவர் பேசிப் பார்ப்பாரா? 196 பேரின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்!

கனடா நாட்டு நிபுணர் குழு, அறிகுறி ஒன்றும் காட்டாத எல்லோருக்கும் இப்படிச் சல்லடை போட வேண்டாம் என்று 2013இல் பரிந்துரைத்தது. அமெரிக்கக் குழுவோ, சரியான மருத்துவ வசதி பின்னால் இருக்குமானால் போடலாம் என்று 2016இல் கூறியது. படித்தவர்களே இரண்டு பட்டு நிற்கிற விஷயம் இது.

தாளின் கடைசிக் கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செத்துப் போனால் தேவலை என்றோ, தன்னைத்தானே காயப்படுத்திக் கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது ஒன்பதாம் கேள்வி. ஒரு மனிதனிடம் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடக் கனமானது வேறென்ன? கேட்பதில் தவறில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்பது வீண் பயம். ஆனால் கேட்டவன் பதிலைக் கேட்க அங்கே நிற்க வேண்டும்! சனிக்கிழமை மாலை ஒருவர் அந்தக் கட்டத்தில் 'நாள்தோறும்' என்று டிக் செய்கிறார். தாள் பெட்டிக்குள் விழுகிறது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் குமாஸ்தா வந்து பெட்டியைத் திறக்கிறார் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு யார் பொறுப்பு?

நாம் கண்ட தாளில், பதில் எழுதியவர் உடனே யாரிடம் போகலாம் என்று ஒரு வரிகூட இல்லை. 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் 'டெலி மானஸ்' என்று மத்திய சர்க்கார் இலவசத் தொலைபேசி வைத்திருக்கிறது. தமிழிலும் பேசலாம். அந்த ஐந்து இலக்கத்தை அச்சடிக்க எத்தனை மை செலவாகியிருக்கும்?

மனத்தை அளக்கக் கேள்வித்தாள் நீட்டும் வழக்கம் ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல, பட்டாளத்தில் பிறந்தது. முதல் உலகப் போரில் குண்டு வெடிப்பின் நடுவே நின்று மனமொடிந்தவர்களைக் கண்ட அமெரிக்கர்கள், உட்வொர்த் என்னும் உளநூல் பேராசிரியரைக் கொண்டு 'ஆம், இல்லை' என்று விடை சொல்லும் 116 கேள்விகளைத் தயாரித்தார்கள். யார் ஒடிவான் என்று முன்கூட்டியே கண்டு கழித்துவிடும் ஏற்பாடு! அது களத்துக்குப் போகுமுன் போரே முடிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் விடவில்லை. சில நிமிடப் பேட்டி, பிறகு 1944இல் கேள்வித்தாள் என்று வடிகட்டி, மனநிலையைக் காரணம் காட்டிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தள்ளினார்கள். பலன்? களத்தில் மனமுடைந்தோர் தொகை முதற்போரைவிடக் கூடியது! ஆளில் அல்ல கோளாறு, ஆளை நிறுத்திய இடத்தில் என்று அதன் பிறகே பலருக்கு உறைத்தது.

இந்தப் பாடத்தைச் சட்டமாக எழுதிப் பார்த்த நாடு ஒன்று உண்டு. ஜப்பான்!

வேலை செய்தே சாவதற்கு 'கரோஷி' என்று தனிச்சொல் வைத்திருக்கும் நாடு அது. அங்கே 2014இல் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2015 டிசம்பர் முதல், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் ஆண்டுக்கு ஒரு முறை மனஅழுத்தச் சோதனை நடத்துவது முதலாளியின் கட்டாயக் கடமை. தொழிலாளிக்கோ கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் விடை எழுதலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். சர்க்கார் சிபாரிசு செய்யும் தாளில் 57 கேள்விகள்.

அந்த 57ஐ நாம் பார்த்தோம். முதல் 17 கேள்விகளும் மனிதனைப் பற்றியனவல்ல, வேலையைப் பற்றியவை! வேலை அளவுக்கு மீறி இருக்கிறதா? குறித்த நேரத்துக்குள் முடிக்க முடிகிறதா? உன் வேகத்தில் செய்ய விடுகிறார்களா? இங்கே எடுக்கும் முடிவுகளில் உன் சொல்லுக்கு இடமுண்டா? வேலையிடத்தில் இரைச்சலும் வெக்கையும் எப்படி? இவ்வளவும் கேட்ட பிறகுதான், அயர்வா, கவலையா, தூக்கமில்லையா, தலைவலியா என்று 29 கேள்விகள். அதன் பின், மேலதிகாரியிடம் மனம்விட்டுப் பேச முடிகிறதா, உடன் வேலை செய்வோர் கைகொடுப்பார்களா, வீட்டார் துணையுண்டா என்று 9. வேலையிலும் குடும்பத்திலும் திருப்தியா என்று கடைசி 2.

நம் தோழர் கொண்டுவந்த தாளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அது 'உனக்குத் தூக்கமில்லையா?' என்று மட்டும் கேட்கிறது. இது, 'உன்னைத் தூங்கவிடாமல் செய்தது எது?' என்றும் கேட்கிறது. முதல் தாளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் தொழிலாளி. இரண்டாவதில் ஆலையும் பக்கத்தில் வந்து நிற்கிறது! ஒன்பது கேள்வித் தாளின்மீது இதற்காகப் பழி சொல்ல மாட்டோம். டாக்டர் தம் அறையில் வைத்துக் கேட்பதற்கென்று செய்தது அது. ஆலை வாசலில் விநியோகம் செய்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் கேளுங்கள். ஜப்பானியச் சட்டப்படி, விடைத்தாளைத் திருத்துவது டாக்டரோ, அதற்கென்று பயின்ற செவிலியர் போன்றோரோதான். வேலையில் வைக்கவும் நீக்கவும் அதிகாரமுள்ளவர் அந்தத் தாளைத் தொடக்கூடாது. முடிவு நேரே தொழிலாளி கைக்குப் போகும். தொழிலாளி எழுத்தில் சம்மதிக்காமல் முதலாளிக்குக் காட்டக்கூடாது. பிரிவு வாரியாகத் தொகுத்து, 'இந்தப் பிரிவில் அழுத்தம் மிகுதி' என்று முதலாளிக்குச் சொல்லலாம்; அந்தப் பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அதுவும் கூடாது. யார் யார் என்று விரல் மடக்கிக் கண்டுபிடித்துவிடுவார்களல்லவா!

"ஆகா, சொர்க்கம்!" என்று எண்ணிவிட வேண்டாம். ஓட்டை இருக்கிறது. அழுத்தம் மிகுந்தவர் என்று முடிவு வந்தால், டாக்டரைச் சந்திக்கத் தொழிலாளி மனுக் கொடுக்க வேண்டும். யாரிடம்? முதலாளியிடம்! முன்கதவைப் பூட்டிச் சாவியைத் தொழிலாளியிடம் கொடுத்தவர்கள் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். மனுக் கொடுத்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது; ஆயினும் மனுக் கொடுப்போர் மிகச் சிலரே. பிரிவுவாரித் தொகுப்பைச் செய்து வேலையைத் திருத்துவதோ கட்டாயமில்லை, 'முயல வேண்டும்' என்ற அளவில் நின்றுவிட்டது. சோதனை கட்டாயம், சோதனையில் கண்டதைச் சீர்செய்வது முயற்சி!

சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2015 டிசம்பர் 25ஆம் நாள், டோக்கியோவில் டென்ட்சு என்னும் மாபெரும் விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத 24 வயதுப் பெண்ணொருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் 100 மணி நேரத்துக்கும் மேல் ஓவர்டைம் பார்த்திருந்தாள் என்று தொழில் இலாகா கண்டு, வேலைப்பளுவால் நேர்ந்த சாவு என்று ஏற்றது. 2017இல் கோர்ட்டு அந்தக் கம்பெனிக்கு விதித்த அபராதம் 5 இலட்சம் யென். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது கைச்செலவு! அந்தப் பெண்ணுக்குத் தூக்கமில்லை என்பதைக் கண்டுபிடிக்க 57 கேள்விகளா வேண்டும்? வேலைக்கு வந்த நேரமும் போன நேரமும் எழுதிய ஏட்டைப் புரட்டினால் போதாதா?

2025இல் ஜப்பானியச் சட்டத்தை மறுபடி திருத்தி, 50 பேருக்குக் குறைவான சிறு பட்டறைகளுக்கும் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். நடைமுறைக்குக் கொண்டுவர மூன்றாண்டு வரை அவகாசம். பத்துப் பேர் கொண்ட பட்டறையில் இரகசியம் எப்படிக் காப்பார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதன் மதிப்பு.

பிரான்சில் நடந்தது வேறு மாதிரி. பிரான்ஸ் டெலிகாம் என்னும் தொலைபேசிக் கம்பெனி, 2006 முதல் 2008க்குள் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டது. பலர் சர்க்கார் ஊழியர் அந்தஸ்து உள்ளவர்கள். நேராக நீக்க முடியாது. தாமாகவே ஓடும்படி செய்ய வேண்டும்! சன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ அவர்களைப் போக வைப்பேன் என்று தலைமை நிர்வாகி லொம்பார் 2006இல் அதிகாரிகள் நடுவே பேசினார். தற்கொலைகள் தொடர்ந்தன. நாடு கொதித்தெழுந்த பிறகு, 2009இல் ஊழியர் அனைவருக்கும் கேள்வித்தாள் அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் விடை எழுதினார்கள்! அத்தனை பேரும் என்ன, நோயாளிகளா? தாளை நடத்தியது வெளியார், தொழிற்சங்கங்களின் கண் அதன்மீது இருந்தது, அதனால் எழுதினார்கள். வழக்கு நடந்தது. 2019 டிசம்பரில் லொம்பாரும் உடனிருந்தோரும் குற்றவாளிகள் என்று பாரிஸ் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கேள்வித்தாளை நிரப்பிய கைக்கு ஒரு பலன் கிடைத்தது என்றால் அங்கேதான்.

பணக்கார நாடுகளின் கதை போதும். டாக்டரே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதுதான் நம்மைப் போன்றோர் கேள்வி.

1970களில் உலக சுகாதார நிறுவனம், நம் இந்தியா, கொலம்பியா, சூடான், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் சிறு ஆஸ்பத்திரிகளில் ஆராய்ச்சி நடத்தி 1980இல் வெளியிட்டது. சோதித்தவர் 1,624 பேர். மனத்துன்பம் கண்டது 225 பேரிடம். ஏழில் ஒருவர்! அவர்களில் பெரும்பாலோர் வந்து சொன்னதோ தலைவலி, வயிற்றுவலி, இருமல், அசதி. மூன்றில் ஒருவரைத்தான் ஆஸ்பத்திரி ஊழியர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள். மீதிப் பேர் மாத்திரையோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஏழை தன் மனம் வலிக்கிறது என்று சொல்ல மாட்டான். முதுகு வலிக்கிறது என்பான். அதைக் கண்டுகொள்ளக் கேள்வித்தாள் வேண்டும் என்பது உண்மை. நல்ல தாள், நம் பேச்சில் அமைந்த தாள்!

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டார் அப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல். 'அளவுக்கு மீறி யோசித்தல்' என்று பொருள். நம் வீட்டுப் பெண்கள், "யோசிச்சு யோசிச்சே உருகிப் போயிட்டா" என்பதில்லையா? அதேதான்! 1990களில் நம் நாட்டு டாக்டர் விக்ரம் படேல் அங்கே பணியாற்றியபோது, உள்ளூர் வைத்தியர்களிடமும் நோயாளிகளிடமும் கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களைக் கொண்டே 14 கேள்விகளை அமைத்தார். மேல்நாட்டுப் பெயர்களைப் பெயர்த்து வைக்கவில்லை. இந்த வாரம் எதையெதையோ ஓயாமல் யோசித்துக் கொண்டிருந்தாயா என்று தொடங்குகிற மாதிரி.

அந்நாட்டில் மனநோய் டாக்டர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்ற பெண் ஒருத்தி, ஆஸ்பத்திரிக்கு வரப் பஸ் கட்டணம் 15 டாலர் இல்லாமல் வீட்டிலேயே இருந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் வராவிட்டால் நாம் போக வேண்டியதுதான் என்று அவருக்குப் பட்டது. 2006இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே என்னும் தொழிலாளர் பகுதிக்குப் போனார். சர்க்கார் என்ன கொடுத்தது? டாக்டர் இல்லை, அறையும் இல்லை. சுகாதார வேலை பார்த்துவந்த 14 பாட்டிமார் மட்டும்! ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள். 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தார்கள். ஒருவரும் வந்து உட்காரவில்லை. பாட்டிமார் சொல்லி 'நட்பு பெஞ்சு' என்று பெயரை மாற்றினார்கள், உட்கார்ந்தார்கள்.

14 கேள்விகளைப் பாட்டி தன் வாயால் கேட்கிறாள். மார்க்கு கூடினால் தாளை எங்கும் அனுப்புவதில்லை. அதே பெஞ்சில் பேச்சு தொடங்குகிறது. மனத்தைத் திறப்பது முதற்படி. வாடகையா, புருஷன் அடியா, வேலையில்லாமையா, எது முதலில் தீர வேண்டும் என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வாள். என்ன செய்யலாம் என்று அவரையே சொல்ல வைப்பாள். ஆறு முறை வரை சந்திப்பு. சாவு எண்ணம் உள்ளவரைத் தாமே வைத்துக்கொள்ளாமல் மேலே அனுப்புவார்கள். பிறகு, பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னும் குழுவில் சேர்த்துவிடுவார்கள். நாலு காசும் கிடைக்கும், நாலு பேரும் கிடைப்பார்கள்.

கதை என்று தள்ளிவிடாதீர்கள். 24 ஆஸ்பத்திரிகளில் 573 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்து, 2016இல் அமெரிக்க மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேருக்குச் சோர்வு அப்படியே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கே இருந்தது. அதை அளந்த தாள் எது தெரியுமா? இதே ஒன்பது கேள்வித் தாள்தான்!

தாள் ஒன்றே. ம்பாரேயில் அதன் பின்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். நம் தோழரின் ஆலையில் மேஸ்திரி நிற்கிறார்.

இதையெல்லாம் தோழரிடம் சொல்லிக் கொண்டிருந்தோம். தேநீர் ஆறிப் போயிற்று. தாளைத் திரும்ப மடித்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்:

"நாலு மாசமா சரியாத் தூக்கமில்லைங்க. சிப்டு மாத்தினதுலேர்ந்து."

அவர் தாளில் எழுதாத விடை அது. அன்று இரவு சிப்டுக்கு நேரமாகும்வரை உட்கார்ந்து பேசினோம். மறுநாள் அவரைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக் கிளைத் தோழர் ஒருவர் முன்வந்தார். அவர் பிரிவில் இன்னும் எத்தனை பேருக்குச் சிப்டு மாறியதிலிருந்து தூக்கமில்லை என்று சங்கம் விசாரித்து வருகிறது. பெயரும் டோக்கன் நம்பரும் கேட்கும் கட்டங்களை எடுத்துவிட்டு, தாளை மேஸ்திரியிடம் அல்லாமல் வெளி டாக்டரிடம் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிய மனுவில் இதுவரை 62 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

பதில் இன்னும் வரவில்லை.